அவரவர் நியாயம் அவரவருக்கு என்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது?

கேள்வி: பாறசாலையிலிருந்து ஒரு தகப்பன். ஜூன் 5

மகளுக்குப் பதினாறு வயது. திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகச் சேரும் சடங்கு) வகுப்பு முடித்தவள். தமிழ்நாட்டு ரேஷன் அரிசியை பைக்கில் கேரள எல்லை தாண்டிக் கொண்டுவந்து பிடிபட்ட ஒருவனைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. அது பாவம் என்று நான் சொன்னேன். "அவரவர் நியாயம் அவரவருக்கு அப்பா. நீங்கள் அவன் வீட்டில் பிறந்திருந்தால் நீங்களும் கடத்தியிருப்பீர்கள்" என்கிறாள். சரி, தவறு என்று ஒன்று உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறாது என்பதை இந்த வயதில் எப்படிப் புரியவைப்பது? ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு எடுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 5, வியாழன் இரவு

பதினோரு வருடமாகப் பெரிய வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை. மற்ற ஆறு நாளும் குழித்துறைப் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை. இறையியல் படித்தவன் இல்லை.

உங்கள் மகள் சொன்னது புதிதல்ல. எங்கள் பாட்டி வேலித் தகராறில் எதிர்வீட்டுக்காரியிடம் தோற்கும்போதெல்லாம் இதையேதான் சொல்லிவிட்டு உள்ளே போவாள். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி வசனத்தை எடுத்துக் கொடுங்கள்: "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்." அதற்கு முன்னால் உள்ள மூன்று அதிகாரங்களையும் அவளே வாசிக்கட்டும். ஆளுக்கொரு நியாயம் வைத்துக்கொண்ட நாடு எங்கே போய் நின்றது என்று தெரியும். அரிசி விஷயத்துக்குக் களவு செய்யாதே என்கிற எட்டாம் கட்டளை போதும். தமிழ்நாட்டில் 2011 முதல் ஏழைக்கு விலையில்லாமல் கொடுக்கும் அரிசியை மில்லில் தீட்டி அந்தப் பக்கம் விற்பதற்கு வேறு பெயர் கிடையாது.

ஜூன் 6, வெள்ளி காலை

இரண்டு திருத்தங்கள். தக்கலை அக்கா ஒருவர் தனியாக எழுதித் திட்டியிருக்கிறார். ஒரு பெண்ணை ஊரார் இரவு முழுக்கச் சீரழித்துச் சாகவிட்ட நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தைப் பதினாறு வயதுப் பெண் கையில் தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறவன் அதைச் சமீபத்தில் வாசித்தானா என்று கேட்கிறார். வாசிக்கவில்லை. நேற்றிரவு வாசித்தேன். அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தகப்பனும் தாயும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம், அதுவும் அவர்களுக்குத் தைரியம் இருந்தால்.

அடுத்தது, கட்டளையின் எண். "எங்களுக்கு எட்டாவது பொய்ச்சாட்சி, ஏழாவதுதான் களவு" என்று முளகுமூட்டிலிருந்து ஒரு கத்தோலிக்க நண்பர். உண்மைதான், கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரே தெருவில் மூன்று சபை இருக்கும் ஊரில் கட்டளையை எண்ணால் சொல்லக் கூடாது. எங்கள் வகுப்பிலேயே இதை வைத்து ஒருவன், "பார்த்தீர்களா சார், கட்டளையே சபைக்குச் சபை மாறுகிறது" என்று முன்பொரு தடவை மடக்கினான். எண் மாறினாலும் வாசகம் மாறவில்லையே என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு மாலை

ஒரு தந்திரம் செய்து பார்த்தேன், கவிழ்ந்துவிட்டது. மற்றவர்கள் செய்து அசடு வழிய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் பாடப் புத்தகம் எங்கோ வெளிநாட்டில் எழுதியதை மொழிபெயர்த்தது. கடையில் கைக்குட்டை திருடும் பையன், நடன விருந்துக்குப் போகும் பெண். "நடன விருந்து என்றால் கல்யாண வீட்டு ரிசப்ஷனா சார்?" என்று கேட்கிறார்கள். அதை மூடி வைத்துவிட்டு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் இருந்த நாலு பேருக்குக் கை நிறைய, பின்வரிசைக்கு ஆளுக்கு ஒன்று. "அநியாயம்" என்று கத்துவார்கள், அப்போது "அவரவர் நியாயம் அவரவருக்கு என்றீர்களே, இப்போது எந்த நியாயத்தை வைத்துக் கத்துகிறீர்கள்?" என்று பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

பின்வரிசைப் பையன்கள் கத்தத்தான் செய்தார்கள். ஆனால் ஒற்றைச் சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எழுந்து, "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்றாள். திராட்சத்தோட்ட உவமை, மத்தேயு இருபது: ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்த முதலாளி சொல்வது. "சிப்ஸ் உங்களுடையது சார், கூலி பேசிக்கொண்டா வந்தோம்?" வகுப்பே சிரித்தது. அந்த வசனத்தை மூன்று வருடம் முன்பு மனப்பாடம் செய்யச் சொல்லி அவளுக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தவன் நான்தான்.

மீதிச் சிப்ஸை அவர்களே பங்கு வைத்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தார்கள், உடைந்த துண்டுகளைக்கூடச் சேர்த்து. ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய பாடம் அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது என்று வீட்டுக்கு வந்து கை கழுவும்போது தோன்றியது. அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

பாறசாலை நண்பருக்கு. எல்லையில் வளரும் பிள்ளைகள் இப்படிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. களியக்காவிளையில் லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். இஞ்சிவிளையைத் தாண்டினால் அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. கேரளம் 1967-இல் லாட்டரிக்கென்று தனி இலாகாவையே தொடங்கியது. இந்தப் பக்கம் குற்றம், பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் அரசு வருமானம். எங்கள் சபையில் இதைச் சூதாட்டம் என்று பிரசங்கம் செய்வார்கள். அந்தப் பக்கம் சில சபைகளில் சீட்டு விற்கிற ஊனமுற்றவருக்காக ஜெபம் செய்வார்கள். இரண்டையும் கேட்டு வளர்கிற பிள்ளை என்ன நினைக்கும்? சரி தவறு என்பது செக்போஸ்ட்டில் மாறுகிற சமாச்சாரம் என்றுதான் நினைக்கும்.

நேற்று சிப்ஸ் தின்று முடித்த பிறகு பேச்சு இங்கேதான் வந்தது. "சட்டம் மாறினால் நியாயமும் மாறுமா?" என்று கேட்டேன். பாதிப் பேர் மாறும் என்றார்கள். அப்போது தோள்சீலைக் கதையை எடுத்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது பள்ளிப் புத்தகத்துப் பாடம் மட்டுமல்ல. பூட்டிகளின் கதை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நாயர் பெண்களைப் போல மேலாடை போடக் கூடாது என்று 1829-இல் அரச விளம்பரம் வந்தது. கிறிஸ்தவப் பெண்களுக்கும் அதேதான். சந்தைக்கு மறைத்துக்கொண்டு போனவளின் துணியைக் கிழித்தார்கள். ஜெபவீடுகளையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். 1859-இல் அதே அரசு அனுமதி கொடுத்தது. அப்படியானால் 1858-இல் தோளை மறைத்தவள் தவறு செய்தாள், மறு வருடம் மறைத்தவள் சரியானதைச் செய்தாள், அப்படித்தானே என்றேன்.

அமைதி. பிறகு பிளஸ் ஒன் பையன் ஒருவன், "கிழித்தவர்களுக்கு அப்போது அது தவறென்று தெரிந்திருக்காது சார். அந்தக் காலத்து நியாயம் அது" என்றான்.

சிப்ஸ் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "கிழிக்கப்பட்டவளுக்குத் தெரியும்."

பதினோரு வருடத்தில் என் வகுப்பில் யாரும் சொன்னதில் இதுதான் உசத்தி. நான் சொன்னதையும் சேர்த்து.

ஜூன் 11, புதன்

1829, 1859 விளம்பரங்கள் பற்றி நான் எழுதியதில் அவசரம். நாகர்கோவிலில் வரலாறு கற்பிக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார், சரிபார்த்தும்விட்டேன். 1829 விளம்பரம் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை (ரவிக்கை போன்ற சட்டையை) அனுமதித்தது. தடை நாயர் பெண்களைப் போல மேலே சீலை போடுவதற்கு. 1859 ஜூலை விளம்பரமும் முழு விடுதலை அல்ல: நாடார் பெண்கள் தோளை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிறபடி உடுத்தக் கூடாது என்ற வால் ஒட்டியே வந்தது.

இதனால் என் கேள்வி கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. மறைப்பதை அனுமதித்தவர்களும் சமமாக மறைப்பதை அனுமதிக்கவில்லை. மானத்துக்காக மட்டும் நடந்த சண்டையாக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். அரைநியாயத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தவர்களோடும் நடந்த சண்டை அது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்தத் திருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். "சார் தவறாகச் சொல்லிவிட்டார்" என்று ஆசிரியரே ஒப்புக்கொள்வது இந்தப் பாடத்தில் சேர்மானம்தானே.

ஜூன் 15, ஞாயிறு பிற்பகல்

திருத்தத்தைச் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே ராகாபுக்குப் போய்விட்டார்கள். அருமனை அண்ணன் இங்கே கேட்டிருந்த கேள்விதான்: எரிகோவுக்கு வந்த இஸ்ரவேல் உளவுக்காரர்களை மாடியில் ஒளித்துவிட்டுப் "போய்விட்டார்கள்" என்று சொன்ன ராகாப் பாவம் செய்தாளா இல்லையா? எபிரெயர் நிருபம் அவளை விசுவாசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் எபிரெய மருத்துவச்சிகள் சொன்ன சாக்கும் அதே வகை. பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டின் எந்தப் பொய்யும் ஆகாது என்று பிடிவாதமாக நின்றார். நம் ஆள் வள்ளுவர் "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று தொடங்கிப் "புரைதீர்ந்த நன்மை" என்று ஒரு பூட்டும் போட்டு வைத்திருக்கிறார்.

ஹிட்லர் ஆட்சியில் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் டீட்ரிச் பொன்ஹோஃபர் சிறையில் இருந்தபோது உண்மை பேசுவதைப் பற்றி எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட கட்டுரை ஒன்று உண்டு. அதில் வரும் உதாரணத்தைச் சொன்னேன். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, ஆசிரியர் ஒரு சிறுவனிடம் "உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாரா?" என்று கேட்கிறார். வருவது உண்மை. பையன் இல்லை என்கிறான். அது பொய்தான், ஆனாலும் அந்தப் பொய்க்குப் பொறுப்பு அப்படிக் கேட்ட ஆசிரியர்தான் என்கிறார் பொன்ஹோஃபர். கேட்கத் தகாத இடத்தில் கேட்டவர் அவர். சொல்லிக்கொண்டு போகும்போதே மூன்று பிள்ளைகள் தரையைப் பார்ப்பதைக் கண்டேன். எங்கள் ஊரில் அந்த உதாரணத்தை அத்தனை சுலபமாக எடுத்திருக்கக் கூடாது. சட்டென்று நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கேளுங்கள் என்றேன்.

கேட்டான். ஒன்பதாம் வகுப்புப் பையன். அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர், பாட்டத்துக்கு எடுத்த நூற்றிருபது மரம். வாரம் ஒரு கட்டு ஷீட் என் கடைக்குத்தான் வரும், சைக்கிளில் இவனே கொண்டுவருவான்.

"அந்த அக்கா போன வாரம் சொன்னார்களே, கிழிக்கப்பட்டவளுக்குத் தெரியும் என்று. அது எல்லாவற்றுக்கும் பொருந்துமா சார்?"

பொருந்தும் என்றேன், பெருமையாக.

"அப்படியென்றால் கட்டுக்கு அரைக் கிலோ ஈரக் கழிவு என்று எடையில் குறைக்கிறீர்களே. எங்கள் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா? ஒரு திட்டு இருக்காது. அம்மா அடுப்புக்கு மேலே பத்து நாள் போட்டுத்தான் தருகிறார்."

குரலில் சண்டை இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

அது வியாபாரத்தின் வழக்கம், எல்லாக் கடையிலும் உண்டு என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் யாரோ, மெதுவாக, "அவரவர் நியாயம்" என்றார்கள். மணி அடித்துவிட்டார்கள். நல்லவேளை.

ஜூன் 16, இரவு இரண்டு மணி

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு: பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைப்பார்கள். மறுநாள் உருளையில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து ஷீட்டாக எடுத்து வெயிலில் போட்டுப் பிறகு புகையில் காயவைப்பார்கள். நன்றாகக் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தேன் நிறத்தில் ஒரே மாதிரி தெரியும். உள்ளே ஈரம் இருந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். எடையில் ஈரத்தை விற்பவர்கள் உண்டு. அதனால்தான் கழிவு. அப்பா காலத்தில் கட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்தார். தூக்கிப் பார்க்க நேரமில்லாத வரிசை அப்போது. நான் அதையே தொடர்ந்தேன். இப்போது வரிசை கிடையாது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். தூக்கிப் பார்க்க நேரம் இருக்கிறது. தூக்கிப் பார்ப்பதில்லை.

என் தராசு வருடாவருடம் அரசு முத்திரை பெற்றது. ஒரு கிராம் பிசகாது. அதில் விழுந்த எண்ணிலிருந்து நான் பென்சிலால் கழித்து எழுதுகிறேனே, அதற்கு முத்திரை எதுவும் கிடையாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை இந்தப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். தராசு கள்ளத்தராசு இல்லையே என்று எனக்கு நானே வக்கீலாகிப் படுத்துக்கொண்டேன். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தப் பையன் வீட்டுக் கணக்கு: மழைக்கும் இலையுதிர்வுக்கும் போக வருடத்தில் நாற்பது கட்டு வைத்தாலும் இருபது கிலோ. விலையைக் கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாய். அவனுக்கு நான் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த சட்டைத்துணியின் விலை 350.

ஜூன் 17, செவ்வாய்

"தொழிலையும் வேதத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள், பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் போதகரைக் கூப்பிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, நீங்களும் கடைக்காரர் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கழிவு முழுக்கக் கொள்ளை அல்ல. கோட்டயத்துக்குப் போகும் சரக்கில் எனக்கும் அங்கே கழிக்கிறார்கள். குடோனில் கிடக்கும்போதும் எடை குறையும். எவ்வளவு குறையும்? இருபத்திரண்டு வருடமாக வியாபாரம் செய்கிறேன், ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. அளந்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை இந்தப் பக்கம் வரமாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அளப்பது முடியவில்லை. வகுப்பில் அந்தப் பையன் வந்திருந்தான். நானும் பேச்சை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. தப்பு செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதை சொன்ன பகுதி அன்றைக்கு முறைப்படி வந்த பாடம். நான் ஏற்பாடு செய்ததில்லை. "நீயே அந்த மனுஷன்" என்ற இடத்தை நானே வாசிக்க வேண்டாம் என்று ஒரு பெண்ணிடம் கொடுத்தேன்.

ஜூன் 28, சனி

அளந்தாயிற்று. நன்றாகப் புகைபோட்ட கட்டு ஒன்று, இருபது கிலோ, பதினோரு நாள் குடோனில். குறைந்தது 120 கிராம். வெயிலில் மட்டும் காய்ந்த அரைப்பதக் கட்டு ஒன்று, அதே எடை, அதே நாள். குறைந்தது 900 கிராமுக்கு மேல். இரண்டுக்கும் நான் போட்ட கழிவு அரைக் கிலோ. காய்ந்ததைக் கொண்டுவருகிறவனிடம் எடுத்து ஈரத்தைக் கொண்டுவருகிறவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காய்ந்த கட்டு அதிகம் வந்தால் நடுவில் எனக்கும் மிச்சம்.

இனி ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கிப் பார்த்துத்தான் கழிவு. சுத்தமாகக் காய்ந்திருந்தால் கட்டுக்கு நூறு கிராம். திட்டு இருந்தால் அதற்குத் தகுந்தபடி. பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஓட்டுக்கு நிற்கப் போகிறாயா?" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு இரவு

வகுப்பில் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று உள்ளூர ஆசை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

சிப்ஸ் பெண் கையைத் தூக்கினாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு விதவை இருக்கிறார். முப்பது நாற்பது மரம். வீட்டில் விறகடுப்பு இல்லை, கேஸ். புகைபோட வழி கிடையாது. ஷீட் அடித்த மூன்றாம் நாளே விற்றால்தான் கடைப்பற்றை அடைக்க முடியும். "சனிக்கிழமை உங்கள் கடையில் எட்டுக் கிலோவுக்கு அரைக் கிலோ கழித்தீர்களாம். முன்பு இருநூறு கிராம்தானே கழிப்பீர்கள். அழுதுகொண்டு வந்தார்கள் சார்."

ஷீட் ஈரமாக இருந்தது, நானே தூக்கிப் பார்த்தேன் என்றேன்.

"ஈரம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை."

இதற்கு என்ன பதில்? பழைய கழிவு அநியாயம். புதிய கழிவு நியாயம், கிராம் கணக்கில் நியாயம். அந்த நியாயத்தில் அடி வாங்குகிறவர் எல்லோரிலும் இல்லாதவர். பதினான்கு பிள்ளைகளும் பேசினார்கள். பிரிந்து பேசினார்கள். "காயாத ஷீட்டுக்குக் காய்ந்த விலை கொடுத்தால் எங்கள் அம்மா பத்து நாள் காத்திருப்பது முட்டாள்தனமா?" என்று பால் வெட்டுபவர் மகன். "ஏழைக்கு ஒரு தராசு, உனக்கு ஒரு தராசா?" என்று இன்னொருவன். அவனுக்கு லேவியராகமத்தில் ஒரு வசனம்கூட எடுத்துக் கொடுத்தார்கள், சிறியவனுக்கு முகதாட்சிணியமும் பெரியவனுக்கு மரியாதையும் நியாயத்தீர்ப்பில் கூடாது என்பதை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கவனித்தீர்களா பாறசாலை நண்பரே, அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் வாயிலிருந்தும் "அவரவர் நியாயம் அவரவருக்கு" என்பது வரவில்லை. எனக்கே இது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

உங்கள் மகளின் கேள்விக்கு முதல் நாள் நான் சொன்ன பதிலைத் திரும்ப வாசித்தேன். "எட்டாம் கட்டளை போதும்" என்று எழுதியிருக்கிறேன். அரிசி கடத்தியவனின் வீட்டைப் பற்றி அவள் பேசினாள், நான் கட்டளையின் எண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அதுவும் சபைக்குச் சபை மாறுகிற எண். கடத்தல் தவறு என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அவள் கேட்டதில் பாதி, அவனைப் பாவி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிற நம்மைப் பற்றியது. அந்தப் பாதியை நான் தொடவே இல்லை. அவள் சொன்னதில் ஒன்று வேதத்துக்கும் விரோதமில்லை: அந்த வீட்டில் பிறந்திருந்தால் நானும் கடத்தியிருப்பேன். கட்டுக்கு அரைக் கிலோ கழித்த வீட்டில் பிறந்தேன், கழித்தேன்.

ஜூலை 2, புதன்

சிலர் கேட்டார்கள், சீதனத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கவில்லையா என்று. கேட்டார்கள், 2019-இல். பதில் சொல்லவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், என் மனைவியிடம் கேட்டுவிட்டு. அவள் வீட்டு நகை அது.

ஜூலை 6, ஞாயிறு

பால் வெட்டுபவர் மகன் புதன்கிழமை கடைக்கு வந்தான். கட்டை இறக்கிவைத்துவிட்டு, நான் ஒவ்வொரு ஷீட்டாகத் தூக்கிப் பார்க்கும்வரை நின்றான். ஒன்றில் ஓரத்தில் நகத்தளவு வெள்ளை. அவனே காட்டினான், நான் கவனிக்கவில்லை. கழிவு நூற்றைம்பது கிராம். சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல், பின்பக்கம் கையைக் காட்டி, "உங்கள் புகைப்புரை பாதி காலியாகத்தானே சார் கிடக்கிறது?" என்றான்.

மழைக்காலத்தில் பாதிதான் நிறையும், உண்மை. ஈர ஷீட் கொண்டுவருகிறவர்களின் சரக்கை அதில் தொங்கவிட்டு, பாதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்து, காய்ந்த பிறகு எடை போட்டு மீதியைக் கொடுக்கலாமே என்பது அவன் யோசனை. எனக்கு வராத யோசனை. கணக்குப் புத்தகம் ஒன்று கூடுதலாக வேண்டும், யாருடைய ஷீட் எது என்று குத்திவைக்க அடையாளம் வேண்டும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று பேச வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் இனி என்ன சொல்வார் என்று யோசிக்கவே வேண்டாம்.

வியாழக்கிழமை அந்த விதவையின் ஷீட் பதினொன்றை மேல் கம்பில் போட்டோம். மூலையில் கத்தியால் இரண்டு கீறல், அதுதான் அவர் அடையாளம். இன்று வகுப்பு முடிந்து ஏழெட்டுப் பேர் நேரே கடைக்கு வந்து புகைப்புரைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த சிப்ஸ் பெண் கேட்டாள்: "விறகுச் செலவு யார் கணக்கில் சார்?"

சொல்லவில்லை. சிரட்டைக் கரியும் ரப்பர் விறகும் சேர்த்து நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.